படித்ததெல்லாம் எங்கே போகிறது? ஒரு வாசகருக்குப் பதில்

கேள்வி: எனக்கு 43 வயது. வருடத்துக்கு 20, 25 புத்தகங்கள் படிக்கிறேன், பெரும்பாலும் வரலாறும் அறிவியலும். படிக்கும்போது எல்லாம் நன்றாகப் புரிகிறது. முக்கியமான வரிகளுக்கு அடிக்கோடும் போடுகிறேன். போன மாதம் தடுப்பூசிகளின் வரலாறு பற்றி ஒரு தடிமனான புத்தகத்தை முடித்துவிட்டு நண்பர் ஒருவரிடம் "கட்டாயம் படி" என்று சொன்னேன். "அப்படி என்ன இருக்கிறது அதில்?" என்று கேட்டார். இரண்டு வாக்கியத்துக்கு மேல் எனக்கு வரவில்லை, முகம் சுண்டிப் போய்விட்டது. என் அப்பா கடைசிக் காலத்தில் எங்களையே அடையாளம் தெரியாமல் இருந்தார், எனக்கும் அது ஆரம்பிக்கிறதோ என்று பயமாக இருக்கிறது. வேக வாசிப்பு கற்றுக்கொண்டு ஒவ்வொரு புத்தகத்தையும் இரண்டு தடவை படித்தால் நினைவில் நிற்குமா? அல்லது ஞாபகசக்திக்கு வேறு ஏதாவது பயிற்சி உண்டா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன், அந்தப் பயம் உள்ளே உட்கார்ந்திருக்கும்வரை நான் வேறு எதைச் சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது. டிமென்ஷியாவாக, அதாவது மறதி நோயாக, இருக்குமோ என்று சந்தேகம் வரும்போது நாங்கள் விசாரிக்கிற விஷயங்கள் வேறு. ஒரே கேள்வியை அரை மணி நேரத்துக்குள் திரும்பத் திரும்பக் கேட்பது, கேட்டோம் என்பதே தெரியாமல் இருப்பது, பல வருடம் போய்வந்த வழியில் திசை தெரியாமல் நிற்பது, காலம் காலமாகச் செய்துவந்த கணக்குவழக்கு குழம்பிப் போவது, இதையெல்லாம் நீங்கள் உணர்வதற்கு முன்பே கூட இருப்பவர்கள் கவனித்துவிடுவது. இவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். தூக்கக் குறைவு, மனச்சோர்வு, தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைபாடு இவையும் ஞாபகத்தைக் கெடுக்கும், அவற்றுக்கெல்லாம் சிகிச்சை இருக்கிறது. கடிதத்தை வைத்து யாருடைய நோயையும் கண்டுபிடிக்க முடியாது, நானும் அதைச் செய்யவில்லை. ஆனால் நண்பர் என்ன கேட்டார், நீங்கள் எத்தனை வாக்கியம் சொன்னீர்கள், முகம் எப்படிச் சுண்டியது என்பதெல்லாம் ஒரு மாதம் கழித்தும் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். படித்த புத்தகத்தில் இருந்தது மட்டும் நழுவுகிறது என்றால் அது எந்த வயதிலும் நடப்பதுதான். 20 வயது மாணவர்கள் இதே புகாரோடு என் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், வார்த்தைகூட மாறாமல்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். அந்தத் தடிமனான புத்தகத்தோடு நீங்கள் 12 மணி நேரமாவது செலவழித்திருப்பீர்கள். அதில் எத்தனை நிமிடம், பக்கத்தைப் பார்க்காமல், "இதுவரை என்ன சொல்லியிருக்கிறார்கள்?" என்று உங்களையே கேட்டுப் பார்த்தீர்கள்? அநேகமாக ஒரு நிமிடம்கூட இருக்காது. நண்பர் கேட்டாரே, அதுதான் அந்தப் புத்தகத்தைப் பற்றி உங்கள் நினைவை யாராவது கேட்ட முதல் கேள்வி. 12 மணி நேரமும் உள்ளே போட்டுக்கொண்டே இருந்தீர்கள், ஒரு தடவைகூட வெளியே எடுத்துப் பார்க்கவில்லை. உள்ளே போடுவது ஒரு வேலை, வெளியே எடுப்பது இன்னொரு வேலை. இரண்டாவதற்குத் தனியாகப் பழக வேண்டும். இந்தப் பதிலில் நான் சொல்லப்போவது பெரும்பாலும் இந்த ஒரே விஷயத்தைத்தான்.

2006-ல் அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கேவும் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு சின்ன அறிவியல் பகுதி, ஒரு பக்கத்துக்கும் குறைவு. முதல் குழு அதை நான்கு சுற்றும், ஒவ்வொரு சுற்றிலும் பல தடவை, படித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது குழு மூன்று சுற்று படித்துவிட்டு ஒரு சுற்று, பகுதியைப் பார்க்காமல், நினைவிலிருப்பதை வெள்ளைத் தாளில் எழுதியது. மூன்றாவது குழு முதல் சுற்றில் மட்டும் படித்தது, மீதி மூன்று சுற்றும் எழுதிப் பார்த்தது. எழுதியது சரியா தவறா என்று யாரும் திருத்திக்கூடக் கொடுக்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள், அவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, ஒரு தடவை எழுதியவர்களுக்கு 78, மூன்று தடவை எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து வேறு மாணவர்களைக் கேட்டபோது வரிசை அப்படியே தலைகீழாகிவிட்டது. படித்துக்கொண்டே இருந்தவர்கள் 40, ஒரு தடவை எழுதியவர்கள் 56, மூன்று தடவை எழுதியவர்கள் 61. படித்துக்கொண்டே இருந்த குழு அந்தப் பகுதியைச் சராசரியாக 14 தடவை படித்திருந்தது, கடைசிக் குழுவோ மூன்றரை தடவைதான். அதோடு, "ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும்?" என்று முன்கூட்டியே கேட்டபோது அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னதும் அந்த 14 தடவை படித்த குழுதான். இந்தச் சோதனையை நான் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் இந்தக் கடைசி விவரம்தான் என்னை உலுக்குகிறது. மறக்கப்போகிறவருக்கு, மறக்கப்போகிறோம் என்பது தெரிவதில்லை. படிக்கும்போது அவருக்கு எல்லாம் வழுவழுவென்று ஓடுகிறது, அந்த ஓட்டத்தையே அவர் நினைவு என்று எடுத்துக்கொள்கிறார்.

எங்கேயோ பார்த்த முகம் என்று சொல்வோம் இல்லையா? ஒருவர் எதிரே வருகிறார், முகம் தெரிகிறது, பெயர் வர மாட்டேன் என்கிறது. முகத்தை அடையாளம் காண்பது சுலபம், ஏனென்றால் முகம் கண் எதிரே இருக்கிறது. பெயரை உள்ளேயிருந்து தேடி எடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை இரண்டாம் தடவை படிக்கும்போது வருகிற "ஆமாம், இது தெரியும்" என்பது முகம் தெரிகிற கதைதான். நண்பர் கேட்டது பெயரை.

இதே ரோடிகரும் கார்பிக்கேவும் இன்னொருவரோடு சேர்ந்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில் 177 கல்லூரி மாணவர்களிடம் எப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். 84 சதவீதம் பேர் திரும்பப் படிப்பதைச் சொன்னார்கள், மூடிவைத்துவிட்டு நினைவுபடுத்திப் பார்ப்பதாகச் சொன்னவர்கள் 11 சதவீதம்தான். படிப்பதையே முழுநேர வேலையாக வைத்திருப்பவர்களின் நிலையே இது. உங்களை நீங்கள் நொந்துகொள்ள ஒன்றுமில்லை, இதை நமக்கு யாரும் சொல்லித் தந்ததே இல்லை.

இனி எப்படிச் செய்வது என்று பார்ப்போம். ஏழெட்டுப் பக்கம், அல்லது ஒரு உட்தலைப்பு முடிகிற இடம் வரை படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். விரலைப் பக்கத்துக்குள் விட்டுக்கொண்டு பாதி மூடுவது போதாது, முழுதாக மூடிக் கீழே வையுங்கள். பிறகு வாய்விட்டுச் சொல்லுங்கள், கூச்சமாக இருந்தால் நோட்டில் நான்கைந்து வரி எழுதுங்கள்: என்ன நடந்தது, ஏன் நடந்தது, எழுத்தாளர் எதற்காக இதை இங்கே சொல்கிறார். அப்புறம் திறந்து சரிபாருங்கள். இந்தக் கடைசிப் படியை விட்டுவிடாதீர்கள், தவறாக நினைவுபடுத்தியதைத் திருத்தாமல் விட்டால் அந்தத் தவறே நிலைத்துவிடும், நாளைக்கு நீங்கள் உறுதியாகச் சொல்வதும் அதைத்தான்.

உங்கள் புத்தகத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் படித்தது எந்தப் புத்தகம் என்று எனக்குத் தெரியாது, ஆனால் எட்வர்ட் ஜென்னர் இல்லாமல் தடுப்பூசியின் வரலாற்றை யாரும் எழுத முடியாது, அதனால் அந்த அத்தியாயம் நிச்சயம் இருந்திருக்கும். மூடிவைத்துவிட்டு முதல் தடவை சொல்லிப் பார்க்கும்போது இப்படித்தான் வரும்: "ஜென்னர்... பசு... பால் கறக்கிற பெண்கள்... பெரியம்மை." உதிரி உதிரியாக நான்கு சொல். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் மனம் சோர்ந்து புத்தகத்தை மறுபடி திறந்துவிடுவார்கள். திறக்காதீர்கள். ஏன் என்று கேளுங்கள். பசுவுக்கும் பெரியம்மைக்கும் என்ன சம்பந்தம்? மாடுகளுக்கு வரும் அம்மை, பால் கறப்பவர்களின் கைக்கு ஒட்டும், லேசாகக் கொப்புளம் போட்டுப் போய்விடும், அப்படி வந்துபோனவர்களுக்குப் பெரியம்மை வருவதில்லை என்று மக்களிடையே பேச்சு இருந்தது. சரி, ஜென்னர் என்ன செய்தார்? 1796-ல் அப்படிக் கொப்புளம் கண்ட ஒரு பெண்ணின் கையிலிருந்து சீழை எடுத்து ஒரு 8 வயதுப் பையனின் கையில் கீறி வைத்தார், சில வாரம் கழித்துப் பெரியம்மைச் சீழையே வைத்துப் பார்த்தார், பையனுக்கு நோய் வரவில்லை. ஒரு நோயின் சீழ் இன்னொரு நோயை எப்படித் தடுக்கும்? இரண்டு கிருமிகளும் நெருங்கிய சொந்தம், ஒன்றை எதிர்த்துப் பழகிய உடல் மற்றதையும் அடையாளம் கண்டுகொள்கிறது. அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பெரியம்மைச் சீழையே கொஞ்சமாகக் கீறி வைப்பார்கள், பெரும்பாலும் லேசாக வந்து போகும், சிலர் செத்தும் போவார்கள், போட்டுக்கொண்டவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்றவும் செய்யும். அப்படியானால் ஜென்னர் செய்ததில் எது புதிது என்று இப்போது உங்களுக்கே சொல்ல வரும்.

இன்னும் ஒரு படி போகலாம். இத்தனை நோய்களுக்குத் தடுப்பூசி இருந்தும், மனிதர்களைப் பிடித்த நோய்களில் பெரியம்மையை மட்டும் எப்படி உலகத்திலிருந்தே துடைத்தெறிய முடிந்தது? 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அது ஒழிந்துவிட்டதாக அறிவித்தது. அந்தக் கிருமி மனிதரிடம் மட்டுமே வாழ்ந்தது, காட்டு விலங்குகளில் பதுங்கியிருந்து திரும்பி வர அதற்கு வழியில்லை. மஞ்சள் காய்ச்சலுக்கும் நல்ல தடுப்பூசி இருக்கிறது, ஆனால் அந்தக் கிருமி குரங்குகளிடமும் வாழ்கிறது. பெரியம்மை வந்தவரை உடம்பிலுள்ள கொப்புளமே காட்டிக்கொடுத்துவிடும், அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கு உடனே தடுப்பூசி போட்டு அங்கேயே வளைத்து நிறுத்த முடிந்தது.

1796, 1980 என்ற இரண்டு வருடங்களும் இப்போது தனியாக மிதக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? காரணம் பிடிபட்டால் பெயரும் வருடமும் அதோடு தொற்றிக்கொண்டு வரும். வெறும் வருடத்தை மனப்பாடம் செய்தால் அது நாலு நாளில் போய்விடும், போகட்டும். "ஏன்" என்று கேட்டுக்கேட்டு எடுப்பதற்குத்தான் நான் இவ்வளவு இடம் கொடுத்துச் சொல்கிறேன், ஏனென்றால் வெறுமனே "சுருக்கம் எழுதுங்கள்" என்று சொன்னால் நிறையப் பேர் புத்தகத்தைப் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொண்டு வரிகளைப் பார்த்து எழுதுகிறார்கள். கை வலிக்கும், நோட்டு நிறையும், மண்டையில் ஒன்றும் தங்காது.

ஒரு எச்சரிக்கை. முதல் சில நாள் இது நன்றாகவே இருக்காது. படிக்கும் வேகம் பாதியாகிவிடும், மூடியவுடன் மூளை வெறுமையாக இருக்கும், "நான் முட்டாளா" என்றுகூடத் தோன்றும். என்னிடம் வருகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிட்டுப் பழைய முறைக்கே போகிறார்கள், எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அந்தத் திணறல்தான் வேலை நடப்பதற்கான அடையாளம். வராத ஒன்றை வரவழைக்கப் போராடிவிட்டு, தோற்றுப்போய்த் திறந்து பார்க்கிறீர்கள் பாருங்கள், அப்போது அந்தப் பதில் போய் உட்காருகிற உறுதி, சும்மா படித்துக்கொண்டு போகும்போது வரவே வராது.

அடிக்கோடு பற்றி. பயிற்சிக் காலத்தில் நான் படித்த ஒரு பாடநூலை இன்னும் வைத்திருக்கிறேன். சில பக்கங்கள் முழுக்க மஞ்சள். பல வருடம் கழித்துத் திறந்தபோது, அந்த மஞ்சள் வரிகளில் பலவற்றை முதல் தடவை படிப்பது போலத்தான் படித்தேன். வரியைப் பூசும்போது "இது முக்கியம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று மூளைக்குச் சொல்லிவிடுகிறோம், அந்த "அப்புறம்" வருவதே இல்லை. 2013-ல் ஜான் டன்லாஸ்கி என்ற உளவியலாளர் தலைமையில் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, அவற்றைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசினார்கள். அடிக்கோடு போடுவதும் திரும்பப் படிப்பதும் பயன் குறைந்தவை என்ற வரிசையில் வந்தன. அதிகப் பயன் என்று அவர்கள் சொன்னது இரண்டைத்தான்: தன்னைத்தானே கேட்டுப் பார்ப்பது, ஒரே மூச்சில் படிக்காமல் இடைவெளி விட்டுப் படிப்பது. பென்சில் கையில் இருக்கட்டும் என்று தோன்றினால் கோடு போடுவதற்குப் பதில் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள், "மாட்டம்மை ஏன் பெரியம்மையைத் தடுத்தது?" என்பது மாதிரி. அடுத்த தடவை புத்தகத்தைப் புரட்டும்போது பதிலை மறைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் பாருங்கள்.

இடைவெளி என்றதும் எபிங்ஹாஸ் நினைவுக்கு வருவார். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு, 1885-ல் மறதியைப் பற்றிய தன் அளவீடுகளை வெளியிட்டார். ஒரு நாளிலேயே மூன்றில் இரண்டு பங்கு போய்விடும் என்று அவர் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துகிற படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர் மனப்பாடம் செய்தது அர்த்தமே இல்லாத அசைகளை. அர்த்தமுள்ள ஒரு வரலாற்றை நீங்கள் அந்த வேகத்தில் மறப்பதில்லை. அதோடு, அவர் அளந்தது எவ்வளவு ஒப்பிக்க முடிகிறது என்பதை அல்ல, மறந்ததை மறுபடி கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதை. ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மிச்சமானது. சுத்தமாக மறந்துவிட்டது என்று நாம் நினைப்பதன் தடம் உள்ளே இருக்கிறது, இரண்டாம் தடவை உழுதால் மண் சீக்கிரம் இளகும். நீங்கள் இதுவரை படித்த புத்தகங்கள் எதுவும் வீணாகவில்லை என்று நான் சொல்வது ஆறுதலுக்காக அல்ல.

எவ்வளவு இடைவெளி? 2008-ல் வந்த ஒரு ஆய்வு 1,350-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சில தகவல்களைக் கற்றுக்கொடுத்து, வெவ்வேறு இடைவெளியில் ஒரு தடவை திரும்பப் பார்க்க வைத்து, அப்புறம் வெவ்வேறு காலம் கழித்துக் கேட்டது. ஒரு வாரம் கழித்துக் கேட்கும்போது, ஒரு நாள் இடைவெளி விட்டவர்கள் நன்றாகச் சொன்னார்கள். கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்துக் கேட்கும்போது, மூன்று வாரம் இடைவெளி விட்டவர்கள். ரொம்ப நாள் நிற்க வேண்டுமென்றால் ரொம்ப நாள் காத்திருந்து எடுத்துப் பார்க்க வேண்டும். நான் சொல்கிற நடைமுறை இது: மறுநாள் இரண்டு நிமிடம், ஒரு வாரம் கழித்து ஐந்து நிமிடம், மூன்று நான்கு வாரம் கழித்துப் பத்து நிமிடம். ஒவ்வொரு தடவையும் முதலில் மூடிய புத்தகத்தோடு.

இன்னொரு விஷயம், இதை யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. எவ்வளவு நினைவில் நிற்கும் என்பது உங்கள் ஞாபகசக்தியைவிட, அந்த விஷயத்தைப் பற்றி ஏற்கெனவே உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பொறுத்தது. 1988-ல் வெளியான ஓர் ஆய்வில் பள்ளி மாணவர்கள் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டத்தின் ஒரு கட்டத்தை விவரிக்கிற பகுதியைக் கொடுத்தார்கள். நன்றாக வாசிக்கத் தெரிந்தும் பேஸ்பால் தெரியாதவர்களைவிட, வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் அந்த ஆட்டத்தை நன்கு அறிந்த பிள்ளைகள் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். புதிதாக வருவதை ஒட்டவைக்க உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். இந்த மாதம் தடுப்பூசி, அடுத்த மாதம் கடல் பயணம், அதற்கடுத்து விண்வெளி என்று தாவிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு தடவையும் வெறும் சுவரில் ஒட்டப் பார்க்கிறோம். ஒரே விஷயத்தில் தொடர்ந்து இரண்டு மூன்று புத்தகம் படியுங்கள். முதலாவது சின்னதாக, எளிமையாக, பள்ளிப் பாடம் அளவுக்கு இருந்தாலும் பரவாயில்லை. இரண்டாவது புத்தகத்தில் ஜென்னர் வரும்போது உங்களுக்கே ஒரு சந்தோஷம் வரும், "இவரைத் தெரியுமே, ஆனால் இந்த விவரம் புதிதாக இருக்கிறதே" என்று. நினைவு கெட்டிப்படுகிற நேரம் அது. பெரிய புத்தகத்தைத் தொடங்குவதற்கு முன் பொருளடக்கத்தை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, இதில் எனக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று நான்கு வரி எழுதிக்கொள்வதும் இதற்காகத்தான்.

வேக வாசிப்பு வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். புரிதல் குறையாமல் வேகத்தை இரண்டு மூன்று மடங்காக்க முடியாது, வாசிப்பு ஆய்வில் பெயர்பெற்ற கீத் ரெய்னரும் அவர் கூட்டாளிகளும் 2016-ல் இருக்கிற ஆய்வுகளையெல்லாம் திரட்டிச் சொன்னது இதைத்தான். வேகம் கூடினால் விட்டுப்போவதும் கூடும். மேலோட்டமாகப் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு, அங்கே மேலோட்டமாகப் பாருங்கள், அதற்கு வகுப்பு தேவையில்லை. ஞாபகசக்தி விளையாட்டுகளும் அப்படித்தான், அந்த விளையாட்டில் கெட்டிக்காரர் ஆவீர்கள், புத்தகம் நினைவில் நிற்பதற்கு அது உதவும் என்று நான் நம்பவில்லை. தாளா திரையா என்று அடுத்து கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். தகவல் சார்ந்த நூல்களில், அதுவும் நேர நெருக்கடி இருக்கும்போது, தாளில் படிப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகப் புரிந்துகொள்கிறார்கள், கதைகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. திரையில்தான் வசதி என்றால் திரையிலேயே படியுங்கள், மூடிவைத்துச் சொல்லிப் பார்க்கிற வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு படிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், பகலில் சேர்த்ததைக் கெட்டிப்படுத்துகிற வேலையில் ஒரு முக்கியப் பகுதி தூக்கத்தில் நடக்கிறது.

நாவல்களை இந்தப் பரீட்சைக்குள் இழுக்காதீர்கள். நாவலை மூடிவைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் படிக்கிற இன்பமே போய்விடும். அங்கே வாக்கியங்கள் மறந்துதான் போகும். 1967-ல் ஜாக்லின் சாக்ஸ் என்பவர் செய்த சோதனையில், ஒரு பகுதியைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களால் சில வாக்கியங்கள் கழிந்ததுமே வார்த்தை அமைப்பு மாறியிருப்பதைக் கண்டுபிடிக்க முடியவில்லை, அர்த்தம் மாறியிருந்தால் மட்டும் கண்டுபிடித்தார்கள். மனித மனம் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு சொற்களைக் கீழே போட்டுவிடுகிறது, அது அதன் இயல்பு. ஒரு நாவல் உங்களிடம் விட்டுப்போகிற ஒரு முகம், ஒரு அறை, ஒரு மனநிலை போதும்.

வருடத்துக்கு 25 புத்தகம் என்றீர்கள். அத்தனையையும் நினைவில் வைக்க முயலாதீர்கள், வைக்கவும் முடியாது. அதில் ஐந்தோ ஆறோ தேர்ந்தெடுங்கள், இது எனக்கு வாழ்க்கை முழுக்க வேண்டும் என்று தோன்றுகிறவை. அவற்றுக்கு மட்டும் மூடுதல், கேள்வி, இடைவெளி எல்லாம். மற்றவற்றை இப்போது படிப்பது போலவே ஆசையாகப் படித்துவிட்டுப் போங்கள், எந்தக் குற்றவுணர்வும் வேண்டாம். எண்ணிக்கை 25-லிருந்து 18 ஆனால் ஆகட்டும்.

தடுப்பூசிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்க வேண்டாம். இன்று இரவே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, புத்தகத்தை வேறு அறையில் வைத்துவிட்டு, கால் மணி நேரம் நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதுங்கள், வரிசை வேண்டாம், அரைகுறையாக இருக்கட்டும். எழுத ஒன்றுமில்லை என்று மூன்றாவது நிமிடத்திலேயே தோன்றும், எழுந்துவிடாதீர்கள், நாலைந்து நிமிடம் கழித்து எங்கிருந்தோ ஒன்று வரும், அதைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வரும். நாளைக்குப் பொருளடக்கத்தை மட்டும் திறந்து, ஒவ்வொரு அத்தியாயத் தலைப்பையும் பார்த்து, உள்ளே என்ன இருந்தது என்று சொல்லிப் பாருங்கள். எந்த அத்தியாயத்தில் வாய் அடைத்துப் போகிறதோ அதை மட்டும் படியுங்கள், படித்ததும் மூடிவிட்டுச் சொல்லுங்கள். மூன்று வாரம் கழித்து அந்த நண்பரைக் கூப்பிட்டு, "அன்றைக்குக் கேட்டாயே, இப்போது சொல்கிறேன், கேள்" என்று ஆரம்பியுங்கள். அவர் குறுக்கே கேள்வி கேட்டால் கேட்கட்டும், பதில் வராத கேள்விகளைக் குறித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அந்தப் பக்கங்களை மட்டும் திறங்கள்.